எல்சாட்: பயிற்சியில் 165, தேர்வில் 158. இனி என்ன செய்வது?

"ஏழு மாதம் எல்சாட்டுக்குப் படித்தேன். கடைசியாக எழுதிய ஆறு பயிற்சித் தேர்வுகளின் சராசரி 165. நேற்று வந்த ஸ்கோர் 158. இதை ரத்து செய்யவா, மறுபடி எழுதவா, இல்லை என் அளவே இவ்வளவுதானா?" என்று, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: 165, 158 இரண்டில் எதை நம்புவது? அதற்கு விடை கிடைத்தால் மறுதேர்வு எழுதலாமா, எப்போது எழுதலாம், அதுவரை எதைப் படிக்கலாம் என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும். இந்தத் தேர்வுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்கோர் வந்த முதல் வாரத்தில் அந்த விடை கையில் இருக்காது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது.

முதலில் ரத்து செய்வதைப் பார்ப்போம், ஏனென்றால் அதற்குக் கெடு உண்டு. ஸ்கோரை முன்கூட்டிப் பார்க்கும் வசதிக்குப் பணம் கட்டியிருந்தால், வெளியான நாளிலிருந்து 6 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்கோர் உங்கள் பதிவில் சேர்ந்துவிடும். ரத்து செய்தால் எண் கல்லூரிகளுக்குப் போகாது, ஆனால் ரத்து செய்தீர்கள் என்ற குறிப்பு போகும். அந்த முறையும் தேர்வு எழுதிய கணக்கில் சேரும். தேர்வை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பின் விதிப்படி ஸ்கோர்கள் செல்லுபடியாகும் காலத்துக்குள் 5 முறை, வாழ்நாளில் 7 முறைதான் எழுத முடியும். ஆகவே ரத்து செய்வதால் ஒரு வாய்ப்பைத் திரும்பப் பெறுவதில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள், அவற்றுக்கு அங்கீகாரம் தரும் வழக்கறிஞர் சங்கமான ஏபிஏவுக்குத் தரும் கணக்கில் ஒவ்வொரு மாணவரின் உச்ச ஸ்கோர்தான் சேர்கிறது. 2006 வரை சராசரி கேட்டார்கள், அதன்பின் மாறிவிட்டது. அதனால் பெரும்பாலான கல்லூரிகள் உச்ச ஸ்கோரையே முதன்மையாகப் பார்க்கின்றன. 158ஐ வைத்துக்கொண்டு பிறகு 164 வாங்கினால் உங்கள் எண் 164. வாங்க முடியாமல் போனாலும் கையில் 158 இருக்கும். உங்கள் நிலையில் ரத்து செய்யாதீர்கள் என்பதே என் கருத்து.

அடுத்து, அந்த எண் எப்படி உருவாகிறது என்பது. அளவுகோல் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் எனும் புதிர்ப் பகுதி இல்லை. இப்போது நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம். இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (குறுகிய வாதங்களை ஆராய்வது), ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்வது), இவை மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. நான்காவது மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி, அது எந்த வகையாகவும் எந்த வரிசையிலும் வரலாம். மதிப்பெண் உள்ள கேள்விகள் ஏறக்குறைய 76. சரியான விடைகளின் எண்ணிக்கையை, அந்தத் தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு, அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். அன்று உங்களோடு எழுதியவர்கள் கெட்டிக்காரர்களா இல்லையா என்பது உங்கள் எண்ணைத் தொடாது. 165க்கும் 158க்கும் இடையே உள்ள தூரம் சுமார் 9 கேள்விகள், அதாவது பகுதிக்கு மூன்று. ஏழு மாத உழைப்பு வீண் என்று தோன்றும் இடத்தில் உண்மையில் நடந்திருப்பது ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கேள்விகள் கூடுதலாகத் தவறியது. 158ம் எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரைத் தாண்டிய ஸ்கோர்தான்.

இந்த வேறுபாடு வெறும் தற்செயலா? எல்எஸ்ஏசியே ஸ்கோரோடு இருபுறமும் சுமார் 3 புள்ளிகள் கொண்ட ஒரு பட்டையைத் தருகிறது. ஒரே ஆள், ஒரே திறமை, வேறு தாள் என்றால் எண் அந்த அளவு ஆடும். உங்களுக்கு அந்தப் பட்டை சுமார் 155 முதல் 161 வரை. 165 அதற்கு வெளியே இருக்கிறது. ஒரே ஒரு பயிற்சித் தேர்வில் 165 என்றால் ஆட்டம் என்று விட்டுவிடலாம், ஆறு தேர்வுகளின் சராசரி என்பதால் அப்படி விட முடியாது. ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இரண்டில் ஒன்று: பயிற்சி ஸ்கோர்கள் ஊதியிருந்தன, அல்லது தேர்வு நாளில் ஏதோ கெட்டது. இரண்டும் பாதிப் பாதியாக இருப்பதும் உண்டு.

பயிற்சி ஸ்கோர் ஊதும் வழிகள் எல்லோருக்கும் பொதுவானவை, அவற்றைக் கூச்சமில்லாமல் சரிபாருங்கள். முதலாவது, ஏற்கெனவே பார்த்த கேள்விகள். பயிற்சி வகுப்புகளும் புத்தகங்களும் எடுத்துக்காட்டுகளைப் பழைய உண்மைத் தாள்களிலிருந்தே எடுக்கின்றன. பிறகு அதே தாளை முழுத் தேர்வாக எழுதும்போது ஐந்தாறு கேள்விகள் தெரிந்த முகங்களாக வரும். விடை நினைவில் இல்லாவிட்டாலும் எங்கே பொறி இருக்கிறது என்பது நினைவில் இருக்கும். இரண்டாவது, மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளை மட்டும் எழுதுவது. நான்காவது பகுதி வரும்போது மூளை சோர்ந்திருக்கும் என்ற அனுபவமே கிடைக்காமல் போகும். மூன்றாவது, நடுவில் கடிகாரத்தை நிறுத்துவது, கடைசிக் கேள்விக்கு ஒரு நிமிடம் கடன் வாங்குவது. நான்காவது, மோசமாகப் போன தேர்வை "அன்று உடம்பு சரியில்லை" என்று சராசரியிலிருந்து நீக்குவது. ஐந்தாவது, 2024க்கு முந்தைய வடிவத்தில் லாஜிக் கேம்ஸோடு எழுதிப் பழைய மாற்று அட்டவணையில் எண்ணைப் பார்ப்பது. லாஜிக் கேம்ஸ் நன்றாக வந்தவர்களுக்கு அந்த எண் இன்றைய தேர்வைப் பற்றி எதுவும் சொல்லாது. எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில் 101 முதல் எண்ணிட்ட தாள்கள் புதிய வடிவத்துக்கு மாற்றப்பட்டவை. அவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இந்தத் தேர்வின் உண்மைத் தாள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. எனவே எந்தக் கேள்வி தவறு என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை, அந்த வழி அடைபட்டது. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, நினைவு மங்குவதற்குள் தேர்வு நாளின் போக்கை எழுதி வையுங்கள்: எந்தப் பகுதியில் நேரம் போதவில்லை, எத்தனை கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தீர்கள், எந்த இடத்தில் பதற்றம் தொடங்கியது, இடைவேளைக்குப் பின் எப்படி இருந்தது. கேள்விகளின் உள்ளடக்கத்தை எழுதவோ பகிரவோ வேண்டாம், விதி அதைத் தடுக்கிறது. இரண்டு, ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, முன்பு ஒரு கேள்விகூடப் பார்த்திராத ஒரு தாளை எடுத்து அப்படியே தேர்வு போல எழுதுங்கள். நான்கு பகுதிகள், இரண்டாவது பகுதிக்குப் பின் 10 நிமிட இடைவேளை, உண்மைத் தேர்வு எழுதிய அதே நேரம், உங்கள் படிக்கும் அறை அல்லாத வேறொரு இடம், கைபேசி இல்லை. 164, 165 வந்தால் திறமை இருக்கிறது, தேர்வு நாள்தான் கெட்டது. 159, 160 வந்தால் பழைய சராசரிதான் ஊதியிருந்தது, படிப்பில் இன்னும் வேலை இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு தாள் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்காகவே பார்க்காத தாள்களைச் சேமித்து வைக்க வேண்டும். பலர் முதல் மூன்று மாதத்திலேயே எல்லாத் தாள்களையும் கரைத்துவிடுகிறார்கள்.

வேலை படிப்பில்தான் என்று தெரிந்தால், பெரும்பகுதி நேரம் லாஜிக்கல் ரீசனிங்குக்குப் போக வேண்டும். மதிப்பெண்ணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுவே. 158லிருந்து 165க்கு நடுவில் நிற்பவர்கள் தவறவிடுவது எளிய கேள்விகளை அல்ல. வாதத்தின் முடிவு எது, ஆதாரம் எது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசி இரண்டு விடைகளுக்கு இடையில்தான் அவர்கள் சறுக்குகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நூலகம் மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் இரவல் போன புத்தகங்கள் கூடின. எனவே நேர நீட்டிப்புதான் இரவலைக் கூட்டியது என்கிறது வாதம். நெசசரி அசம்ப்ஷன் கேள்வி, அதாவது இந்த வாதம் நிற்க எது இருந்தே ஆக வேண்டும் என்ற கேள்வி. ஒரு விடை: "நேரத்தைத் தவிர அந்த மூன்று மாதத்தில் நூலகத்தில் வேறெதுவும் மாறவில்லை." இன்னொரு விடை: "ஒருவர் எடுக்கக்கூடிய புத்தகங்களின் உச்சவரம்பை உயர்த்தியது மட்டுமே இரவல் கூடியதற்கு முழுக் காரணம் அல்ல." முதல் விடை பலமாக இருப்பதால் கண்ணை இழுக்கும். ஆனால் அதை மறுத்துப் பாருங்கள்: வேறு ஏதோ ஒன்று மாறியது. சுவருக்கு வண்ணம் அடித்திருக்கலாம், வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவதை மறுத்தால், உச்சவரம்பே முழுக் காரணம் என்றாகும், வாதம் விழுந்துவிடும். விடை அதுதான். நெசசரி கேள்வியில் அடக்கமான விடை பெரும்பாலும் சரியாக இருப்பதற்கும், வாதத்தை முழுமையாக நிரூபிக்கக் கேட்கும் சஃபிஷியன்ட் கேள்வியில் பலமான விடை சரியாக இருப்பதற்கும் காரணம் இதுவே. இந்த இரண்டு வகைகளையும் ஒரே மூச்சில் பழகாமல், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது கேள்விகளைத் தனித்தனியாக எடுத்து, எல்லா விடைகளையும் மறுத்துப் பார்த்துப் பழகுங்கள். அதே போல "சீட்டு இருந்தால் மட்டுமே உள்ளே விடுவார்கள்" என்பதைச் "சீட்டு இருந்தால் உள்ளே விடுவார்கள்" என்று அவசரத்தில் படித்துவிடும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பவர் எல்லோரிடமும் சீட்டு இருந்தது என்பது மட்டுமே உறுதி. சீட்டு வைத்திருந்த எல்லோரையும் உள்ளே விட்டார்கள் என்பது உறுதியல்ல. இந்த ஒரு திருப்பத்தை வைத்தே தவறான விடைகளை நிறைய உருவாக்குகிறார்கள்.

நேரக் கணக்கு எளிது. 35 நிமிடத்தில் 24 முதல் 26 கேள்விகள் என்றால் கேள்விக்கு 1 நிமிடம் 20 விநாடிக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடக் கூடாது. முதல் பத்து பெரும்பாலும் இலகுவானவை, அவற்றைப் பத்துப் பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டால் நடுவில் வரும் கடினமான கேள்விகளுக்கு மூச்சு கிடைக்கும். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் கடந்தும் இரண்டு விடைகளுக்கு இடையில் நின்றால், ஒன்றைக் குறித்து, பிறகு திரும்பி வர அடையாளக் கொடி போட்டு, நகர்ந்துவிடுங்கள். தவறான விடைக்குக் கழிப்பு இல்லாததால் எதையும் காலியாக விடக் கூடாது. ரீடிங்கில் நான்கு பத்திகள், பத்திக்கு எட்டே முக்கால் நிமிடம். அங்கே கெடுவது பெரும்பாலும் வேகமாகப் படித்துவிட்டுக் கேள்விக்குக் கேள்வி பத்திக்குத் திரும்பி ஓடுவதால்தான். மூன்று, மூன்றரை நிமிடம் கொடுத்து, ஒவ்வொரு பாராவும் எதற்காக அங்கே இருக்கிறது, ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று மனதில் பிடித்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் கேள்விகளில் நேரம் மிஞ்சும்.

இவை எல்லாவற்றையும்விட ஸ்கோரை நகர்த்துவது தேர்வு எழுதிய பின் செய்யும் மறுபார்வை. விடைத்தாளைப் பார்ப்பதற்கு முன், சந்தேகம் இருந்த எல்லாக் கேள்விகளையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். முதல் விடை, இரண்டாவது விடை இரண்டையும் குறித்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். முதலில் தவறு, நிதானமாகப் போட்டபோது சரி என்றால் உங்களுக்குப் புரிகிறது, வேகமும் கவனமும்தான் குறை. இரண்டு முறையும் தவறு என்றால் அந்த வகையே புரியவில்லை, எத்தனை தேர்வு எழுதினாலும் அது மாறாது, பாடத்துக்குத் திரும்ப வேண்டும். சரியாகக் குறித்தும் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அது அதிர்ஷ்டம், அதையும் தவறாகவே எண்ணுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: தவறான விடை என்னை ஏன் இழுத்தது, சரியான விடையை ஏன் தள்ளினேன். "அவசரம்" என்று ஒற்றைச் சொல் எழுதினால் பயன் இல்லை. "முடிவில் 'சில' என்றிருந்ததை 'பெரும்பாலான' என்று எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே நிற்கும். எழுத இரண்டரை மணி நேரம் ஆகும் தாளுக்கு மறுபார்வை நான்கு மணி நேரமாவது எடுக்க வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு போதும், கடைசி மாதத்தில் இரண்டு. வாரத்துக்கு நான்கு எழுதுபவர்கள் பழைய தவறுகளையே மேலும் வேகமாகச் செய்யப் பழகுகிறார்கள்.

தேர்வு நாள்தான் கெட்டது என்று தெரிந்தால் மருந்து வேறு. கூடுதல் பாடம் உதவாது. இடத்தையும் சூழலையும் மாற்றி மாற்றித் தேர்வு எழுதுவதுதான் உதவும்: ஆட்கள் நடமாடும் நூலகம், காலை 8 மணி, முந்தைய இரவு குறைந்த தூக்கம். பதற்றம் வராமல் தடுப்பதைவிட, வந்தபின் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து பழகுவது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு வரியை மூன்றாவது முறை படிக்கிறேன் என்று உணர்ந்ததும் பேனாவைக் கீழே வைத்து, இரண்டு நீண்ட மூச்சு விட்டு, அந்தக் கேள்வியை விட்டு அடுத்ததுக்குப் போவது என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் அதைச் செய்யுங்கள். எது சோதனைப் பகுதி என்று ஊகிக்க வேண்டாம். ஊகம் தவறினால் மதிப்பெண் உள்ள பகுதியில் தளர்ந்துவிடுவீர்கள். மருத்துவர் உறுதி செய்த பதற்றக் கோளாறோ கவனக் குறைபாடோ இருந்தால், ஆவணங்களோடு விண்ணப்பித்துக் கூடுதல் நேரம் பெறலாம். 2014ஆம் ஆண்டு சட்டபூர்வ உடன்பாட்டுக்குப் பிறகு அப்படி எழுதிய ஸ்கோர்களில் தனிக் குறியிடுவதில்லை, கல்லூரிக்குத் தெரியாது. தகுதி இருந்தும் வெட்கத்தால் கேட்காமல் விடுபவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

மறுதேர்வு எழுதலாமா? உங்கள் ஜிபிஏவையும் (பட்டப்படிப்பின் சராசரி மதிப்பெண்) எந்தக் கல்லூரிகளை நினைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லவில்லை, அதனால் முழுத் தீர்ப்பு சொல்ல முடியாது, அளவிடும் வழியைச் சொல்கிறேன். ஏபிஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் 509 என்ற எண் கொண்ட தகவல் அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதில் சேர்ந்தவர்களின் எல்சாட் 25ஆம், 50ஆம், 75ஆம் சதமான எண்கள் இருக்கும், உதவித்தொகை விவரமும் இருக்கும். நீங்கள் விரும்பும் கல்லூரியின் நடு எண், அதாவது 50ஆம் சதமானம், 157 என்றால் 158 ஏற்கெனவே போதுமானது, இன்னும் கூடினால் அது உதவித்தொகையாக மாறலாம். நடு எண் 163 என்றால் மறுதேர்வு எழுதுவதில் பொருள் இருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஒரு கூடுதல் முயற்சியால் உங்கள் விண்ணப்பம் கெடாது. எவ்வளவு கூடும் என்பது உறுதியில்லை. மறுதேர்வு எழுதுபவர்களின் சராசரி உயர்வு சில புள்ளிகள்தான், ஆனால் அந்தச் சராசரியில் எதையும் மாற்றாமல் மறுபடி எழுதியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். புதிய தாள்களில் மூன்று தேர்வுகள் தொடர்ந்து உங்கள் இலக்கைத் தொட்ட பிறகு எழுதுங்கள். பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தேர்வு நாள் மட்டுமே சிக்கல் என்றால் ஐந்தாறு வாரம் போதும். ஸ்கோர் வந்த கோபத்தில் அடுத்த மாதத் தேதிக்கே பணம் கட்டாதீர்கள்.

காத்திருந்தால் விண்ணப்பம் தாமதமாகுமே என்ற கவலை நியாயமானது. பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர முடிவு சொல்கின்றன, இடங்களும் உதவித்தொகையும் மெல்லக் குறையும். முன்பே குறைந்த எண்ணோடு போவதா, பின்னர் கூடிய எண்ணோடு போவதா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. என் தீர்மானம், மூன்று புள்ளிக்கு மேல் கூடி நடு எண்ணைத் தாண்ட வாய்ப்பு இருந்தால் ஜனவரி வரை காத்திருப்பது தகும். ஒன்றிரண்டு புள்ளிக்காகக் காத்திருப்பது தகாது. பிப்ரவரிக்குப் பிறகுதான் ஸ்கோர் வரும் என்றால் அடுத்த ஆண்டுச் சுற்றையே யோசியுங்கள்.

இந்த வாரத்தைப் பற்றி. இணையத்தில் மற்றவர்கள் போடும் 172, 175 ஸ்கோர்களைப் பார்க்காதீர்கள், 150 வாங்கியவர்கள் அங்கே எழுதுவதில்லை. வீட்டில் கேட்டால் "எதிர்பார்த்ததைவிடக் குறைவு, என்ன செய்வது என்று பத்து நாளில் சொல்கிறேன்" என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். தூக்கமின்மையோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கும் எல்சாட்டுக்கும் தொடர்பு வைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு சிறிய செய்திகள். எல்சாட்டின் ஒரு பகுதியாக நீங்கள் தனியாக எழுதிக் கொடுத்த கட்டுரை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் மறுதேர்வுக்காக அதை மீண்டும் எழுத வேண்டியதில்லை. மறுதேர்வில் பெரிய உயர்வு வந்து, முதல் ஸ்கோருக்கு உடல்நலக் குறைவு, தேர்வு மென்பொருள் கோளாறு போன்ற தெளிவான காரணமும் இருந்தால், விண்ணப்பத்தோடு ஒரு பத்தியில் விளக்கக் குறிப்பு வைக்கலாம். காரணம் வெறும் பதற்றம் என்றால் எதுவும் எழுதாமல் இரண்டு எண்களையும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.